25 ரூபாய் டச் சென்சார்: அம்மாவின் தலைமாட்டில் ஓராண்டு

எங்கள் வீட்டில் அம்மா படுக்கும் அறையின் சுவிட்ச் போர்டு கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கட்டிலோ எதிர்ச்சுவரை ஒட்டிக் கிடக்கிறது. இரவில் எழுந்தால் ஏழெட்டு அடி இருட்டில் தடவிக்கொண்டு நடந்த பிறகுதான் விளக்கைப் போட முடியும். முட்டி வலியும் விரல் மூட்டுகளில் இறுக்கமும் உள்ளவருக்கு, தலைமாட்டுப் பலகையில் கையை வைத்தாலே விளக்கு எரிந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியதால்தான் இந்த வேலையில் இறங்கினேன். அதற்காக வாங்கிய டிடிபி223 என்னும் டச் சென்சார் போர்டையும், அதனோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டிய மைக்ரோகன்ட்ரோலர் (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினி), ரிலே (சிறு சிக்னலால் இயங்கும் சுவிட்ச்), அடாப்டர் ஆகியவற்றையும் ஓராண்டு அன்றாடம் பயன்படுத்திய பிறகு இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். இவற்றுள் விலை மிகக் குறைந்த பொருள்தான் எனக்கு மிகக் குறைந்த தொல்லை கொடுத்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்னை ரிச்சி தெருவில் ஒன்று 25 ரூபாய் என்று நான்கு சென்சார்கள் வாங்கினேன். சுமார் 24 மில்லிமீட்டர் சதுரமுள்ள நீல நிறப் போர்டு அது. முன்பக்கத்தில் விரல் வைக்க வேண்டிய இடம் வட்டமாகக் குறிக்கப்பட்டிருக்கும். ஓரத்தில் மின்சாரத்துக்கு இரண்டும் சிக்னலுக்கு ஒன்றுமாக மூன்றே மூன்று பின்கள். போர்டின் மேல் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்காது. அதில் உட்கார்ந்திருக்கும் கடுகளவு ஐசி என்னும் சிப் மட்டும் தைவானின் டான்டெக் நிறுவனம் வடிவமைத்தது. 2 வோல்ட் முதல் 5.5 வோல்ட் வரை எதைக் கொடுத்தாலும் அது வேலை செய்யும் என்பதால், 5 வோல்ட்டில் ஓடும் அர்டுயினோ ஊனோவோடும் 3.3 வோல்ட்டில் ஓடும் இஎஸ்பி32 போர்டோடும் (இரண்டும் மைக்ரோகன்ட்ரோலர் போர்டுகள்) இடையில் வேறெதுவும் வைக்காமல் நேரடியாக இணைக்கலாம்.

இதற்குள் அழுத்தும் பொறி எதுவும் கிடையாது. போர்டிலுள்ள செம்புத் தகடும் நம் விரலும் சேர்ந்து, மின்னூட்டத்தைத் தேக்கும் மிகச் சிறிய கெபாசிட்டர் ஒன்றாகிவிடுகின்றன; விரல் வரும்போது கூடும் அந்தச் சில பிகோஃபாரட் (தேக்கத்தை அளக்கும் மிகச் சிறிய அலகு) அளவைத்தான் ஐசி கவனிக்கிறது. இதன் உண்மையான சாமர்த்தியம் தொடுதலைக் கண்டுபிடிப்பதில் இல்லை, தொடாத நிலை எது என்று தானே தெரிந்துகொள்வதில்தான் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் ஏறத்தாழ அரை நொடி அது எதற்கும் பதில் சொல்லாமல் சுற்றுப்புறத்தை அளந்து, அதையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறது. பிறகும் சில நொடிகளுக்கு ஒருமுறை அந்த அடிப்படையைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. ஐப்பசி மழையின் ஈரக்காற்றானாலும் சித்திரை வெயிலின் வறட்சியானாலும் நான் எதையும் திருகிச் சரிசெய்ய வேண்டியிருக்கவில்லை. ஒரே ஒரு சங்கடம் உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வரும் அந்த அரை நொடியில் கை சென்சார் மேலேயே இருந்தால், கையோடு சேர்த்தே அது அடிப்படையை எடுத்துக்கொள்ளும். கையை ஒருமுறை எடுத்துவிட்டுச் சற்றுப் பொறுத்து வைத்தால்தான் வழிக்கு வரும். அம்மாவுக்கு இது இருமுறை நேர்ந்தது. காரணம் தெரிந்த பிறகு அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கண்ணாடி, அக்ரிலிக், மரம் இவற்றின் ஊடாக இந்தச் சென்சார் விரலை உணரும். உலோகத்தின் ஊடாக உணராது. எங்கள் கட்டிலின் தலைமாடு மைக்கா ஒட்டிய 18 மில்லிமீட்டர் பிளைவுட். அந்தத் தடிமனுக்கு அப்பால் சென்சாருக்கு எதுவும் தெரியவில்லை. ஆசாரியை அழைத்து, பின்பக்கத்திலிருந்து உளியால் தீப்பெட்டி அளவுக்குக் குழி எடுத்து, முன்பக்கம் மூன்று மில்லிமீட்டர் மட்டும் மிஞ்சும்படி செய்யச் சொன்னேன். அவர் அளவைக் கேட்டுவிட்டு, “மூணு மில்லின்னா மைக்காவோட சேர்த்தா, சேக்காமயா சார்?” என்று கேட்ட கேள்வி, கையேடு எதிலும் இல்லாத சரியான கேள்வி. சேர்த்துத்தான். குழிக்குள் சென்சாரை வைக்கும்போது மரத்துக்கும் போர்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி இருந்தால் உணர்திறன் சட்டென்று விழுந்துவிடுகிறது. முதலில் நான்கு மூலைகளில் மட்டும் பசை வைத்து ஒட்டி ஏமாந்தேன். இருபக்க டேப்பால் முழுப்பரப்பும் படியும்படி ஒட்டிய பிறகு, விரல் நுனி போதாவிட்டாலும் நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் தவறாமல் உணர்ந்தது. அம்மா எப்படியும் உள்ளங்கையைத்தான் வைக்கிறார்.

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி எழும். விளக்கு ஒன்றைப் போட்டு அணைக்க மைக்ரோகன்ட்ரோலர் எதற்கு? உண்மையில் தேவையில்லை. போர்டின் பின்பக்கம் ஏ, பி என்று குறித்த இரண்டு ஜோடிப் புள்ளிகள் இருக்கின்றன. ஏ புள்ளிகளை ஈயத்தால் இணைத்தால் சிக்னல் தலைகீழாகும்; பி புள்ளிகளை இணைத்தால் ஒரு தொடுதலுக்கு ஆன், மறு தொடுதலுக்கு ஆஃப் என்று சென்சாரே மாறி மாறி நின்றுகொள்ளும். ஒரு சொட்டு ஈயம், ஒரு ரிலே, ஓர் அடாப்டர் என்ற அளவில் வேலை முடிந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் இப்படியே செய்து பார்க்கலாம் என்பது என் கருத்து. எனக்கு விளக்கு 15 நிமிடத்தில் தானாக அணைய வேண்டியிருந்தது, பின்னாளில் வெளிச்சத்தைக் குறைக்கவும் வேண்டியிருந்தது. அதனால் அலமாரியில் சும்மா கிடந்த ஊனோ போர்டைப் பிடித்தேன்.

நிரல் எழுதுவது இந்த வேலையில் மிகச் சிறிய பகுதி. சென்சார் இப்போது தொடப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், சற்று முன்பு தொடப்படாமல் இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். இல்லையென்றால் கை இருக்கும்வரை விளக்கு நொடிக்கு ஆயிரம் முறை மாறிக்கொண்டிருக்கும். மின்வெட்டுக்குப் பிறகு விளக்கு பழைய நிலைக்கே திரும்ப வேண்டும் என்று நினைத்து, நிலையை, மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகத்தில் எழுதி வைக்கும் வசதியையும் பெருமையோடு சேர்த்தேன். அந்த நினைவகத்துக்கு ஒரு லட்சம் முறை எழுதும் ஆயுள் உண்டு. நாளுக்குப் பத்து முறை எழுதினாலும் 27 ஆண்டுகள் வரும் என்று கணக்கெல்லாம் போட்டேன். விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போக, அம்மா அப்படியே தூங்கிவிட, நள்ளிரவு இரண்டு மணிக்கு மின்சாரத்தோடு விளக்கும் திரும்பி வந்து முகத்தில் அடித்தது. மறுநாள் காலையே அந்த வசதியை நீக்கிவிட்டேன்.

அடுத்தது ரிலே. நான் வாங்கியது பெயரில்லாத ஒற்றை ரிலே போர்டு. தொடர்புமுனைகள் 250 வோல்ட்டில் 10 ஆம்பியர் தாங்கும் என்று நீலப் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது. 9 வாட் எல்இடி பல்பு அதற்கு, யானைக்குச் சோளப்பொரி. குறை வேறிடத்தில் இருந்தது. சந்தையில் கிடைக்கும் ரிலே போர்டுகளில் பல, சிக்னல் பூஜ்யமானால் ஆன் ஆகும் வகையைச் சேர்ந்தவை. ஊனோவில் ஒரு பின்னை வெளியீடாக அறிவித்த கணத்தில் அது பூஜ்யத்தில்தான் நிற்கும். அதனால் ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும், நிரல் அடுத்த வரிக்குப் போவதற்குள், ரிலே ஒருமுறை ‘டக்’ என்று அடித்து விளக்கு மின்னி மறைந்தது. முதலில் பின்னின் மதிப்பை ஒன்றாக்கிவிட்டு அதன் பிறகு வெளியீடாக அறிவித்தால் இந்த மின்னல் போய்விடும். இரண்டு வரிகளை இடம் மாற்றுவதுதான் தீர்வு. ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று.

230 வோல்ட் ஒயரிங்கை மட்டும் தெரிந்த எலக்ட்ரீஷியனிடம் விட்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். ரிலே துண்டிக்க வேண்டியது ஃபேஸ் ஒயரைத்தான். நியூட்ரலைத் துண்டித்தாலும் விளக்கு அணைந்ததுபோலத் தோன்றும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும், சில எல்இடி பல்புகள் இருட்டில் மங்கலாக எரிந்துகொண்டும் இருக்கும். வாங்கும்போது ரிலே போர்டைத் திருப்பிப் பாருங்கள். உயர் மின்னழுத்தம் ஓடும் தடங்களுக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவில் தாராளமான இடைவெளியோ அறுத்த பள்ளமோ இருக்க வேண்டும். என் கைக்கு முதலில் வந்த போர்டில் இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடைவெளிதான் இருந்தது. அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கினேன்.

எல்லாம் பொருத்தி ஒரு வாரம் ஒழுங்காக ஓடியது. எட்டாம் நாள் காலையில் அம்மா, “என்னப்பா, நான் தொடாமலேயே எரியுது, தானா அணையுது” என்றார். பலகையின் பின்புறம் டார்ச் அடித்துப் பார்த்தேன். குழிக்குள் சென்சார் போர்டின் முதுகின்மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு ஒரு பல்லி உட்கார்ந்திருந்தது. இந்தச் சென்சார் முன்புறம் மட்டுமன்றிப் பின்புறத்திலிருந்தும் உணரும் என்பது அன்று உறைத்தது. எந்த உறுப்பில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தில் உண்டு. சென்சாரில் விழுந்தால் விளக்கு எரியும் என்பதை நாம்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். குழியைப் பிளாஸ்டிக் மூடியால் அடைத்தேன். தொட்டு ஒன்றரை நொடிக்குள் கையை எடுத்தால் மட்டுமே அதைத் தொடுதலாகக் கணக்கிடும்படி நிரலையும் மாற்றினேன். மைக்ரோகன்ட்ரோலர் இருந்ததால் கிடைத்த முதல் உண்மையான லாபம் இதுதான்.

பல்லி போன பிறகும் விளக்கு தானாக எரிவது முழுவதும் நிற்கவில்லை. நாளுக்கு இருமுறை, மும்முறை, நேரம் காலம் இல்லாமல் வந்தது. சென்சார் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி வேறொன்றை மாற்றினேன். அதுவும் அப்படியே செய்தது. பவர் பேங்க்கில் இணைத்தபோது இரண்டு நாள் ஒரு தவறும் இல்லை. (ஊனோ இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு என்பதால், எதுவும் செருகப்படவில்லை என்று நினைத்துச் சில பவர் பேங்க்குகள் தாமாகவே அணைந்துவிடும், கூடவே போனையும் சார்ஜில் போட்டு அதை ஏமாற்ற வேண்டியிருந்தது.) ஆக, குற்றவாளி சென்சார் இல்லை, ஊனோவுக்கு நான் பயன்படுத்திய, பெட்டியில் எந்தப் பெயரும் இல்லாத இரண்டு முனைச் சார்ஜர்தான்.

காரணத்தைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் இந்தச் சென்சாரைப் பற்றி நான் கேள்விப்படும் புகார்களில் பெரும்பாலானவை இங்கேதான் முடியும் என்று நினைக்கிறேன். எர்த் இணைப்பில்லாத சார்ஜருக்குள், இரைச்சலை அடக்குவதற்காக, 230 வோல்ட் பக்கத்துக்கும் 5 வோல்ட் பக்கத்துக்கும் நடுவே ஒரு சிறிய கெபாசிட்டர் இருப்பது வழக்கம். அதன் வழியாக நம் சர்க்யூட்டின் கிரவுண்டே, அதாவது அதன் பூஜ்ய வோல்ட் புள்ளியே, பூமியை ஒப்பிட மேலும் கீழும் ஆடிக்கொண்டிருக்கிறது. ஈரத் தரையில் நின்று லேப்டாப்பின் உலோக உடலைத் தடவும்போது விரலில் சுரசுரவென்று உணர்வதும் இதே ஆட்டம்தான். சில பிகோஃபாரட் மாறுபாட்டை விரல் என்று நம்பும்படி செய்யப்பட்ட ஐசிக்கு, தன் காலடித் தரையே ஆடினால் அதையும் விரலாக எடுத்துக்கொள்வதைத் தவிர வேறு வழி இல்லை. எர்த் முனையோடு கூடிய மூன்று முனை 12 வோல்ட் அடாப்டருக்கு மாறினேன். சென்சாரின் மின்பின்கள் இரண்டுக்கும் குறுக்கே 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றையும் ஒட்ட வைத்து ஈயமிட்டேன். ஒரு மீட்டர் நீளமிருந்த ஒயரை ஒரு சாணாக வெட்டினேன். அன்றிலிருந்து இன்றுவரை விளக்கு தானாக எரியவில்லை. இவ்வளவு செய்தும் அடங்காவிட்டால், உணர்திறனைக் குறைக்க 50 பிகோஃபாரட் வரை ஒரு கெபாசிட்டர் சேர்ப்பதற்கென்று போர்டில் காலி இடம் விட்டிருப்பார்கள். மரத்துக்குப் பின்னால் இருக்கும் என் சென்சாருக்கு உள்ள உணர்திறனே மட்டுமட்டு என்பதால் நான் அதைத் தொடவில்லை.

12 வோல்ட்டுக்கு மாறியதும் இன்னொரு சிக்கல் தலைகாட்டியது. ஊனோவில் 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் ரெகுலேட்டர், மிச்சமுள்ள ஏழு வோல்ட்டையும் வெப்பமாகத்தான் கொட்டும். ரிலேயின் சுருள் மட்டும் சுமார் 70 மில்லிஆம்பியர் இழுக்கும் என்பதால், விளக்கு எரிந்த பத்தாவது நிமிடத்தில் ரெகுலேட்டரில் விரல் வைக்க முடியவில்லை. அதோடு, இரவின் அமைதியில் ரிலேயின் ‘டக்’ ஓசை மரப்பலகையில் மோதிப் பெரிதாகவே கேட்டது. 9 வாட் பல்பின் வெளிச்சமும் தூக்கக் கண்ணுக்குக் கூசியது. மூன்றுக்கும் ஒரே மருந்தாக ரிலேயையும் பல்பையும் கழற்றிவிட்டு, ஒரு மீட்டர் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப்பைக் கட்டிலுக்கு அடியில் ஒட்டி, அதை மாஸ்ஃபெட் (ஓசையின்றி இயங்கும் மின்னணுச் சுவிட்ச்) ஒன்றின் வழியாக ஊனோவோடு இணைத்தேன். மீட்டருக்கு 60 எல்இடி உள்ள சிறிய வகை ஸ்ட்ரிப் 4.8 வாட், அதாவது 0.4 ஆம்பியர்தான் எடுக்கும். கட்டிலைச் சுற்றி 230 வோல்ட் ஒயரே இல்லாமல் போனது, நான் திட்டமிடாமல் கிடைத்த நிம்மதி.

மாஸ்ஃபெட் வாங்கும்போது எழுத்தைக் கவனியுங்கள். நான் கேட்டது ஐஆர்எல்இசட்44என். கடையில் கொடுத்தது ஐஆர்எஃப்இசட்44என். நடுவில் ‘எல்’ வர வேண்டிய இடத்தில் ‘எஃப்’ இருந்ததை வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தேன். ‘எல்’ வகை, ஊனோ கொடுக்கும் 5 வோல்ட்டிலேயே முழுமையாகத் திறந்துகொள்ளும். ‘எஃப்’ வகைக்கு 10 வோல்ட் கொடுத்தால்தான் அட்டவணையில் சொன்னபடி நடந்துகொள்ளும். 0.4 ஆம்பியருக்கு ‘எஃப்’ வகையும் ஒப்பேற்றிவிடும், நீளமான ஸ்ட்ரிப் போட்டால் அரைகுறையாகத் திறந்து சூடேறும். “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்.

இஎஸ்பி32 போர்டிலேயே தொடுதலை உணரும் பின்கள் பத்து இருக்கும்போது தனிச் சென்சார் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நானும் ஒரு மாலை முழுவதும் அதை முயன்று பார்த்தேன். வெறும் செம்புத் தகட்டை விரலால் தொட்டால் அது காட்டும் எண் 60, 70-லிருந்து சட்டென்று பத்துப் பதினைந்துக்கு இறங்குகிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. மூன்று மில்லிமீட்டர் மரத்துக்குப் பின்னால் வைத்தாலோ வித்தியாசம் நான்கைந்து எண்களாகச் சுருங்கிவிடுகிறது. எந்த எண்ணுக்குக் கீழே போனால் தொடுதல் என்று காலையில் வைத்த எல்லை மாலையில் பொருந்தவில்லை. அடிப்படையைத் தானே திருத்திக்கொள்ளும் நிரலை நாம் எழுதிக்கொள்ளலாம். அந்த வேலையைத்தான் இந்த ஐசி 25 ரூபாய்க்கு ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. போன் வழியாகவும் விளக்கை இயக்க வேண்டும் என்கிறவர்கள் இஎஸ்பி32-ஐ வைத்துக்கொண்டு, தொடுதலை மட்டும் டிடிபி223-இடம் விட்டுவிடலாம்.

குறையாகச் சொல்ல வேண்டியவை இரண்டு. தொட்டதும் எரியும் சிவப்பு எல்இடி ஒன்று போர்டிலேயே இருக்கிறது. சோதிக்கும்போது உதவும் அதை, கண்ணாடிக்குப் பின்னால் பொருத்துகிறவர்கள் கழற்றவோ கறுப்பு டேப் ஒட்டவோ வேண்டும். இன்னொன்று, ஈரக்கை. தண்ணீர் படும் இடத்தில் இதை வைக்கவே கூடாது. சமையலறை மேடைக்கருகே சோதனைக்காக வைத்த மூன்றாவது சென்சார், மேலே வழிந்த தண்ணீரையெல்லாம் விரலாக எண்ணிக்கொண்டு ஒரே நாளில் என் பொறுமையைச் சோதித்துவிட்டது. மற்றபடி, சென்சாரில் மிச்சம் பிடிக்க எதுவும் இல்லை. உங்கள் பணத்தை எர்த் உள்ள அடாப்டரிலும், ரிலே வேண்டுமென்றால் தடங்கள் தள்ளி இருக்கும் நல்ல ரிலேயிலும் போடுங்கள்.

ஸ்ட்ரிப்புக்கு மாறியபோது, ஒவ்வொரு தொடுதலுக்கும் வெளிச்சம் படிப்படியாகக் கூடும்படி நான்கு நிலைகள் வைத்திருந்தேன். அம்மா முதல் நிலையைத் தாண்டியதே இல்லை. அணைப்பதற்காக மூன்று முறை கூடுதலாகத் தொட வேண்டியிருக்கிறதே என்றுதான் குறைப்பட்டுக்கொண்டார். இப்போது நிரலில் ஒரே நிலைதான் இருக்கிறது: கால் வைக்கத் தரை தெரியும் அளவுக்கு.